பாட்டைக் கொடு, பிள்ளையை எடு

இந்த நாட்டில் மூச்சு விடுவதற்கு மட்டும்தான் இன்னும் வரி போடவில்லை. அதையும் அடுத்த பட்ஜெட்டில் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பெற்ற தாயிடமே அவள் பிள்ளையைக் கொடுக்கச் சுங்கம் கேட்ட ஒரே பிறவி, எனக்குத் தெரிந்து இந்தப் பூலோகத்தில், எங்கள் தோட்டத்து டின் ஆயம்மாதான்.

தோட்டம் ஹாலிஎலைக்கு மேலே இருக்கிறது. பெயரைச் சொன்னால் ஆபீசில் இருந்து என்னைத் தேடி வருவார்கள், அதனால் வேண்டாம். மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் பகல் முழுக்கக் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தை நாங்கள் பிள்ளைக்காம்பரா என்போம். இப்போது வாசலில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். பெயர் அபிவிருத்தி அடைந்துவிட்டது. கூரை ஒழுகும் இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர்தான் ஆயம்மா. அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் துண்டில் மட்டும் இருந்தது, அதை அவரும் மறந்திருப்பார்.

வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒல்லியான உடம்பு. சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. வந்த முதல் வாரமே, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய்க் காலி பால்மா டின் கேட்டார். பால்மா விற்கிற விலைக்கு முழு டின் வாங்கினால்தானே காலி டின் இருக்கும்? லயத்தில் கிடைக்கவில்லை என்றதும் ஆபீஸ் ஆட்கள் குடியிருக்கும் ஸ்டாப் குவாட்டர்ஸ் குப்பைமேட்டுக்குப் போனார். அங்கே கிடைத்தது. ஆளுக்கொரு டின், தேயிலைச் செடியில் வெட்டிப்போட்ட கவ்வாத்துக் குச்சி ஆளுக்கொன்று என்று ஆணியடித்துச் சுவரில் தொங்கவிட்டார். பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுகிறார் போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்தோம். விளையாட்டு எங்களுக்குத்தான் என்பது பின்னேரம்தான் தெரிந்தது.

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் பிள்ளைக்காம்பரா வாசலுக்கு வந்தால், அரைக்கதவைத் தாழ்போட்டு அதற்குப் பின்னால் ஆயம்மா நிற்பார்.

“புள்ளையக் குடுங்க ஆயம்மா. போயி அடுப்புப் பத்த வைக்கணும்.”

“குடுக்கிறேன். மொதல்ல ரெண்டு பேரும் ஒரு பாட்டு.”

“என்னாது?”

“நீ ஒரு டின்னு, புள்ள ஒரு டின்னு. தட்டிக்கிட்டே பாடுங்க. பாட்டக் குடு, புள்ளைய எடு.”

தாய் மட்டும் பாடினால் செல்லாது. பிள்ளை மட்டும் தட்டினாலும் செல்லாது. “ஒருத்தர் மட்டும் பாடுறதுக்கு ரேடியோ இருக்கு, நீ எதுக்கு?” என்பார். காலையிலிருந்து மழையில் நனைந்து, கூடைக் கயிறு இழுத்த நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும்? ஒருத்தி அழுதேவிட்டாள்.

“கால்ல அட்ட கடிச்சி ரத்தம் ஊத்துது ஆயம்மா. இதுல பாட்டு ஒரு கேடா?”

“அட்ட அது பாட்டுக்குக் கடிக்கட்டும். நீ ஒம் பாட்டுக்குப் பாடு.”

அந்த ஆத்திரத்தில் அவள் கத்தியதுதான் எங்கள் தோட்டத்தின் தேசிய கீதமாக மாறியது. “அட்ட கடிச்சி யாரு வாரா?” என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்க, உள்ளே இருந்த அவள் பையன் டின்னைத் தட்டி, “எங்கம்மா” என்றான். ஆயம்மா உடனே தாழைத் திறந்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து ஆளுக்கொரு வரி கட்டினார்கள்.

மலைய விட்டு யாரு வாரா?
டக்கு டக்கு டம், எங்கம்மா.
மழையில நனஞ்சி யாரு வாரா?
டக்கு டக்கு டம், எங்கம்மா.

ஒருத்தி ஒருநாள், “சம்பளத்தக் குடிச்சி யாரு வாரா?” என்று இழுத்தாள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில், “டக்கு டக்கு டம், எங்கப்பா” என்றார்கள். அந்தப் பக்கமாக வந்த நாலைந்து அப்பாக்கள் வந்த வழியே திரும்பிப் போனார்கள். பிறகு கொஞ்ச நாள் சாராயத் தவறணைக்குச் சுற்றுப்பாதையில்தான் போக்குவரத்து.

ஒரு விசித்திரம் சொல்ல வேண்டும். இப்படி ஊரையே பாட வைத்த ஆயம்மா ஒரு வரிகூடப் பாட மாட்டார். குச்சியால் கதவில் தாளம் தட்டுவதோடு சரி. “நீங்க பாடுங்களேன்” என்று கேட்டால், “என்கிட்ட இருந்ததெல்லாம் தீந்து போச்சு” என்பார். தொண்டை சரியில்லை போலிருக்கிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

நான் பதுளை பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. என் மனைவி விஜி மலைக்குப் போகிறவள், அதனால்தான் லயத்து வீடு. மகள் தனுஜாவுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. காலையில் அவள் எழும்பும் முன் நான் பஸ் ஏறிவிடுவேன். திரும்பி வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் கணக்கில் நான் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் மட்டும் வருகிற ஒரு விருந்தாளி. என்னைக் கண்டால் விரலை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

ஒரு லீவு நாளில் அவளைக் கூட்டிவரப் போனேன். ஆயம்மா டின்னை நீட்டினார்.

“எனக்குப் பாட்டெல்லாம் வராதுங்க.”

“தெனமும் வாயில என்னா வருது? அதப் பாடு.”

என் வாயில் வருவதெல்லாம் ஆணி, கம்பி, சிமெந்து. வேறு வழியில்லாமல் பஸ் ஸ்டாண்டில் தினமும் காதில் விழுவதைக் கத்தினேன். “பதுளை பதுளை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை.” வாசலில் நின்ற பெண்கள் கூடையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஆயம்மா முகம் மாறவில்லை. “பஸ்ஸுக்கு ஆள் சேக்கிறியா?” என்று கேட்டார்.

ஆனால் தனுஜா விரலை வாயிலிருந்து எடுத்தாள். டின்னை ஒரு தட்டுத் தட்டினாள். நான் மறுபடி “ஹாலிஎல” என்றேன். மறுபடி ஒரு தட்டு. பண்டாரவளை வருவதற்குள் அவள் சிரித்துவிட்டாள். அன்று லயத்துக்குப் போகும் வழியெல்லாம் என் தோளில் உட்கார்ந்து என் மண்டையை டின்னாக்கிக்கொண்டு வந்தாள். கல்யாணம் ஆன நாளில்கூட நான் அப்படி நிமிர்ந்து நடந்ததில்லை.

எல்லாரும் என்னைப் போல மானங்கெட்டவர்களா? எங்கள் கங்காணி இருக்கிறாரே, அவருக்கு மானம் அதிகம். மலையில் பெண்களை நாள் முழுக்க ஏசுவது அவர் உத்தியோகம். அவருக்குப் பிந்திப் பிறந்த மகன் ஒருவன். தகப்பன் செருமினாலே அவன் காற்சட்டை நனைந்துவிடும். ஒருநாள் மனைவிக்குக் காய்ச்சல் என்று கங்காணியே பிள்ளையைக் கூட்டிப்போக வந்தார்.

“ஆயம்மா, கதவத் தொற.”

“பாட்டு?”

“நான் யாரு தெரியுமில்ல?”

“தெரியும். அந்தப் பையனோட அப்பா. டின்னப் புடிங்க.”

கங்காணி வேலியோரம் போய் நின்றுகொண்டார். பெண்கள் எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தார். பெண்கள் போவார்களா? அடுப்பாவது மண்ணாவது என்று அத்தனை பேரும் தேயிலைச் செடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். வெளிச்சம் மங்கியதும் அவர் மெல்ல வந்து, காதில் ரகசியம் சொல்வதுபோல் பாடினார். “மலைய விட்டு யாரு வாரா?” உள்ளே சத்தமே இல்லை. இன்னொரு முறை பாடினார். அப்புறம்தான், மிகவும் யோசித்து, அந்தப் பையன் ஒரு தட்டுத் தட்டி, “எங்கப்பா” என்றான். காற்சட்டை நனையவில்லை.

மறுநாள் மலையில் கங்காணி வாயைத் திறந்து ஏசத் தொடங்கியதும் எந்த நிரையிலிருந்தோ ஒரு குரல், “யாரு வாரா?” என்றது. மலை முழுக்க, “டக்கு டக்கு டம்” என்றது. கங்காணி நேராக ஆபீசுக்குப் போனார். அந்தப் புகார் மேலே போகத் தொடங்கியது. எங்கள் கூலி உயர்வுக் கோரிக்கை மேலே போவதைவிட வேகமாகப் போனது. இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், புகார் கொடுத்த அதே மனிதர் அன்றிலிருந்து மனைவிக்குக் காய்ச்சல் இல்லாத நாளிலும் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தார்.

அந்தச் சமயத்தில் பிள்ளைக்காம்பராவுக்கு வெள்ளையடித்தார்கள். யாரோ ஒரு பெரிய மனிதர் பார்வையிட வருகிறார் என்று சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு பழமொழியும் எழுதிவைத்தார்கள். ‘ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்.’ நல்ல வாசகம்தானே என்று நினைத்தோம். பெரிய மனிதர் வந்து பார்க்கும்போது அந்த இடத்தில் பழமொழியைக் காணோம், அடுப்புக்கரிதான் அப்பியிருந்தது.

ஆபீஸ் கிளார்க் குதித்தார். “என்னா வேல இது? அதுல என்னா பிழையக் கண்டீங்க?”

“அத எழுதினவனுக்குப் புள்ள இருக்கா?” என்று ஆயம்மா கேட்டார்.

“பழமொழிய யாரு எழுதினதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்?”

“அப்ப கரி இருக்கட்டும்.”

ஆளுக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்றுதான் நானும் விஜியிடம் சொன்னேன்.

பிறகு ஒரு ஐப்பசி மழை. மண்சரிவு எச்சரிக்கை வந்துவிட்டது, லயத்தை விட்டு எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். மலை சரிந்து லயமே மண்ணுக்குள் போன மீரியபெத்தையை மறந்தவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. பெண்கள் மலையிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்தார்கள். அன்று ஆயம்மா அரைக்கதவைக் கழற்றியே வைத்திருந்தார். “பாட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், தூக்கிக்கிட்டு ஓடுங்க” என்றார்.

பிள்ளைகள் நகரவில்லை. வரிசையாக டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “அம்மா, பாடு.”

“அடியே, மலை சரியப் போகுதுங்கிறாங்க, வாடி.”

“பாடு.”

கொட்டும் மழையில் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அத்தனை பெண்களும், “மழையில நனஞ்சி யாரு வாரா” என்று அலறிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். எதிரே ஜீப்பில் வந்த அதிகாரிகள் ஏதோ திருவிழா என்று நினைத்து ஓரங்கட்டி வழிவிட்டார்கள். மலை சரியவில்லை. அன்று இரவு பள்ளிக்கூடத் தரையில் ஒரு பிள்ளைகூட அழவில்லை. தாய்மார்தான் அழுதார்கள், நாளைக்கு எந்த வீட்டுக்குப் போவது என்று.

இதற்கு அடுத்த மாதம் விஜி வெளிநாடு போவதென்று முடிவானது. நாள் கூலியில் அரிசியும் மாவும் வாங்கினால் அவ்வளவுதான், கையில் ஒன்றும் மிஞ்சாது. என் கடை முதலாளி ஹாஜியார் நல்ல மனிதர், ஆனால் ஊரில் ஒருவரும் வீடு கட்டாத காலத்தில் ஆணியும் கம்பியும் யார் வாங்குகிறார்கள்? குவைத்தில் ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்கிற வேலை, இரண்டு வருஷம். தோட்டத்துப் பெண்ணின் கையில் இந்த நாடு கொடுத்திருப்பது இரண்டே சாமான். ஒன்று கொழுந்துக் கூடை, மற்றது பாஸ்போர்ட்.

சொல்லிவிட்டுப் போவோம் என்று ஆயம்மாவிடம் போனோம். அவர் எங்கள் இருவரையும் பார்த்த பார்வை இருக்கிறதே, நாங்கள் பிள்ளையை விற்க வந்ததுபோல் இருந்தது. பிறகு தன் மணிக்கட்டை நீட்டிக் காட்டினார். பழைய தழும்பு, குட்டிப் பல் வரிசை.

“இது யாரு கடிச்சதுன்னு தெரியுமா? எம் மகன்.”

விஜி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரியாத்துல ஒரு வீடு. அங்கயும் ஒரு கைப்புள்ளதான். எனக்குத் தெரிஞ்ச பாட்டெல்லாம் அதுக்குத்தான் பாடினேன். பீங்கானத் தட்டித் தட்டிச் சோறு ஊட்டினேன். அதுவும் எங்கூட சேந்து தட்டும். அதுக்குத் தமிழே வந்துருச்சி. என்னைய அம்மான்னுச்சி. வேலக் கொந்தரப்பு முடிஞ்சி ஊருக்கு வந்தேன். எம் மகன் பக்கத்து வீட்டுக்காரி சேலைக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டான். ஆசையாத் தூக்கினேன். கடிச்சிட்டான்.”

“அப்புறம் பழகியிருப்பானே ஆயம்மா?” என்றேன்.

“தன் புள்ள தானே வளருமாமில்ல. வளந்துச்சி. கொழும்புல கடையில நிக்கிது. மாசம் ஒருக்கா போன் எடுத்து, ‘நல்லா இருக்கீங்களா’ன்னு கேக்குது. மத்த புள்ளைங்க தாயிட்ட ‘நீ’ன்னு பேசும். எம் புள்ள ‘நீங்க’ங்குது. ரொம்ப மரியாதையான புள்ள.”

சுவரில் இருந்த கரியை நான் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். போக வேண்டாம் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஏழையிடம் ‘போகாதே’ என்று புத்தி சொல்கிற அளவுக்கு அவர் வசதியானவர் இல்லை. “போறவரைக்கும் தெனமும் ரெண்டு தடவ பாடணும். போயி எறங்கினதும் போன்ல பாடணும். அந்தப் புள்ளைக்கு வேற பாட்டுப் பாடிக்க. இது தனுஜாவுக்கு மட்டும்” என்றார்.

குவைத் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் போனைத் தொடலாம். அதிலும் வீடியோ கூடாது, குரல் மட்டும். எங்கள் தோட்டத்தில் வட்ஸ்அப் பிடிக்கிற ஒரே இடம் மேலே தண்ணீர் டாங்கியின் தலை. ஆக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடையில் அரை நாள் லீவு. ஹாஜியார் ஜும்மா தொழுகைக்குப் போவார், நான் ஒரு கையில் மகளையும் ஒரு கையில் பிள்ளைக்காம்பராவில் இரவல் வாங்கிய பால்மா டின்னையும் எடுத்துக்கொண்டு டாங்கியில் ஏறுவேன். பெண்டாட்டி போனதும் ஆளுக்குக் கழன்றுவிட்டது என்று ஊரே பரிதாபப்பட்டது.

முதல் வாரம் பெரும் தோல்வி. இங்கே தட்டுகிற டின் கடல் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் விஜி அடுத்த வரியைத் தொடங்கிவிடுவாள். அவள் பாட்டு வந்து சேரும்போது இவள் தட்டி ஓய்ந்திருப்பாள். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் மோதி, இங்கே ஒரு அழுகை, அங்கே ஒரு அழுகை. அழுகை மட்டும் ஒரே நேரத்தில் சரியாக வந்து சேர்ந்தது.

ஆயம்மாவிடம் போய்ச் சொன்னேன். அந்த மழை நாளுக்குப் பிறகு இரண்டாம் முறையாகத் தன் சட்டத்தைத் தானே தளர்த்தினார். “சேந்து தட்ட வேணாம். அவ ஒரு வரி கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருக்கட்டும். புள்ள பதில் சொல்லட்டும். சுணங்கினாப் பரவாயில்ல. வரும்னு தெரிஞ்சா புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்.”

அப்படித்தான் நடந்தது. அங்கிருந்து, “கடலத் தாண்டி யாரு வாரா?” என்று கேள்வி வரும். தனுஜா டின்மேல் குச்சியை ஓங்கிக்கொண்டு, போனில் அம்மா மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பாள். பிறகு தட்டுவாள். “எங்கம்மா.” அதற்குப் பின் ஒரு நீண்ட மௌனம் வரும். அது சிக்னல் சுணங்குவதா, விஜி தொண்டையைச் சரிசெய்வதா என்று எனக்கு எப்போதும் தெரியாது.

இதற்கிடையே கங்காணியின் புகார் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆயம்மாவை ஆபீசில் கூப்பிட்டு, டிப்ளோமா படித்தவர்கள்தான் இனி இந்த வேலை பார்க்கலாம், தவிரவும் துருப்பிடித்த டின் ஆபத்து என்று சொன்னார்கள். அவர் பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பி வந்தார். தனுஜாவின் டின்னை மட்டும் ஆணியிலிருந்து கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, துணிப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். யாரும் கூட்டம் போடவில்லை. யாரும் மாலை போடவில்லை. அவரவர் பிள்ளையை அன்று பாட்டில்லாமல் தூக்கிக்கொண்டு, அடுப்புப் பற்றவைக்கப் போனார்கள்.

புதிதாக வந்த பெண் நல்ல பிள்ளைதான், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வந்த பிறகு கொழும்பிலிருந்து ஒரு வர்ணப் போஸ்டர் வந்தது. ஆயம்மா கரி பூசிய இடத்திலேயே ஒட்டினார்கள். ‘பெற்றோர் பிள்ளைகளுடன் சேர்ந்து பாடி இசைத்தால் பாசப் பிணைப்பு வலுப்பெறும்.’ கீழே படம். சோபாவில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், தகப்பன் கையில் கித்தார். நான் சிரித்த சிரிப்பில் அந்தப் பெண் பயந்துபோனாள்.

இரண்டு வருஷம் முடிந்து விஜி வந்தாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு, ஹாலிஎல வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து த்ரீவீலரில் லயத்துக்கு ஏறினோம். பக்கத்து வீட்டில் விட்டிருந்த தனுஜா வாசலில் நின்றாள். லயமே கூடி நின்று பார்த்தது. விஜி பெட்டியைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

தனுஜா விரலை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“யாருன்னு தெரியலியா? ஒங்கம்மாடி” என்றேன்.

அவள் என் சட்டைப் பையைக் காட்டினாள். அதில் போன் இருந்தது. “அம்மா இதுக்குள்ள இருக்கு.”

யாரோ சிரித்தார்கள். யாரோ, “பாவம்” என்றார்கள். விஜியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மணிக்கட்டுத் தழும்புதான் என் கண்முன் நின்றது. இரண்டு வருஷ வெள்ளிக்கிழமையும் டாங்கியில் ஏறியது இதற்குத்தானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போது கூட்டத்தின் பின்னால் இருந்து ஒரு ஆள் முணுமுணுத்தார். “பாடிப் பாரும்மா.” திரும்பிப் பார்த்தேன். மகனைத் தோளில் வைத்துக்கொண்டு கங்காணி. வேறு நாளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

விஜி பாடினாள். “கடலத் தாண்டி யாரு வாரா?” தனுஜா துள்ளி ஓடிவந்து என் பையிலிருந்து போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். எதிரே நிற்கிற தாயை அவள் பார்க்கவே இல்லை. போனைப் பார்த்துச் சிரித்தாள்.

விஜி வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து பாட்டு வந்தது. “மலைய விட்டு யாரு வாரா?” முகம் இல்லாமல் குரல் மட்டும். தனுஜா போனைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய், பலகைக் கதவில் கையால் தட்டினாள். “டக்கு டக்கு டம்.” உள்ளே அடுத்த கேள்வி. வெளியே அடுத்த தட்டு. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருந்த சுணக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் கதவின் இரண்டு பக்கமும் தட்டிக்கொண்டிருந்தார்கள். கதவு எப்போது திறந்தது என்று நான் பார்க்கவில்லை. என் கண்ணில் ஏதோ விழுந்திருந்தது.

சாப்பிடும்போது தனுஜா, “நீ எங்கிட்டு போயிருந்த?” என்று அவளைக் கேட்டாள். ‘நீ’ என்றுதான் கேட்டாள். விஜி சோற்றைப் பிசைந்தபடியே அழுதாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தைலமும் சவர்க்காரமும் சாக்லேட்டும் எடுத்துக்கொண்டு ஆயம்மாவைத் தேடிப் போனோம். அவர் பதுளை டவுனில் ஒரு டாக்டர் வீட்டில் பிள்ளை பார்க்கிறார். மறுபடியும் ஊரான் பிள்ளை. இடுப்பில் அந்தக் குழந்தையோடு பெரிய இரும்பு கேட்டுக்குப் பின்னால் வந்து நின்றார். எங்கள் மூவரையும் பார்த்தார். தாழைத் திறக்கவில்லை.

“மொதல்ல பாட்டு.”

நடு ரோட்டில் நின்று மூன்று பேரும் பாடினோம். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் உள்ளே விட்டார். டாக்டரும் அவர் மனைவியும் தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பிஸ்கட் டின்னைத் தட்டிவிட்டுத்தான் குழந்தையை வாங்குகிறார்களாம். “அவரு சுதியே சேர மாட்டேங்குறாரு. ஒன்னவிட மோசம்” என்று என்னிடம் சொன்னார். கதவுக் கதையை விஜி சொன்னாள். ஆயம்மா தழும்பை மற்றக் கையால் தடவிக்கொண்டு, “எனக்கு அன்னைக்கு அந்தப் புத்தி வரல” என்றார்.

மகனைப் பற்றி விசாரித்தோம். பேசுகிறானாம். மாசம் ஒருமுறை. மரியாதையாக.

புறப்படும்போது ஆயம்மா கேட்டைச் சாத்தினார். தனுஜா நகரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, “டவுன விட்டு யாரு வாரா?” என்று கேட்டாள். அத்தனை பேரிடமும் பதில் வாங்கியவர், இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டார். தனுஜா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கேட்டைத் தானே தட்டி, “எங்க ஆயம்மா” என்று பதிலையும் சொன்னாள்.

அடுத்த போயா லீவுக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். விஜி கோழி சொல்லி வைத்திருக்கிறாள். தனுஜா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்கப் போகிறாளாம், ஆயம்மா தன் வாயால் ஒரு பாட்டுப் பாடாமல் திறப்பதாக இல்லையாம்.